பேரிடர் காலத்தில் அரசின் அதிகாரம் எதுவரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலானாலும் வெள்ளமானாலும் பெருந்தொற்றானாலும், அரசு உத்தரவுகள் வரத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, அரசமைப்புச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்தவை. வெறுமனே 'சட்டம்' என்று சொல்லும் இடங்களில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தையே குறிக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. இது பொதுவான விளக்கம் மட்டுமே. நடப்பில் உள்ள வழக்கு என்றால் வழக்கறிஞரிடம் கேட்பதே முறை.

1. பேரிடர் என்று அறிவித்துவிட்டால் அது எமர்ஜென்சி மாதிரிதானே?

இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 352ஆவது பிரிவின்படி நெருக்கடி நிலையைப் பிறப்பிக்க மூன்று காரணங்களே உண்டு: போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆயுதந்தாங்கிய கிளர்ச்சி. 1975இல் நெருக்கடி நிலை கொண்டுவரப்பட்டபோது 'உள்நாட்டுக் குழப்பம்' என்றொரு காரணமும் அப்பிரிவில் இருந்தது. எதையும் அதற்குள் அடக்கிவிட முடிந்ததால், 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை நீக்கியது. புயல், நிலநடுக்கம், நோய்த்தொற்று ஆகியவை அந்தப் பட்டியலில் எக்காலத்திலும் இருந்ததில்லை.

அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க வழிசெய்யும் 358, 359ஆம் பிரிவுகள் 352இன்கீழ் நெருக்கடி நிலை நடப்பில் இருக்கும்போது மட்டுமே செயல்படும். ஆகவே ஊர் முழுவதும் நீரில் மூழ்கியிருந்தாலும் உங்கள் அடிப்படை உரிமைகளில் ஒன்றுகூட நிறுத்தப்படுவதில்லை. அவற்றின்மீது நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அவ்வளவே. உண்மையான நெருக்கடி நிலையிலும் 20ஆம் பிரிவையும் (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு) 21ஆம் பிரிவையும் (உயிர், தனிமனித விடுதலை) தொட முடியாது என்பதும் அதே 44ஆவது திருத்தத்தின் கொடை. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததற்கு அதுவே நாடாளுமன்றத்தின் பதில். அந்தத் தீர்ப்பு தவறு என்று பின்னர் 2017இல் உச்ச நீதிமன்றமே அதைச் செல்லாததாக்கியது.

2. "தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்களே, அறிவித்தால் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் வருமா?

வராது. சட்டத்தில் 'தேசியப் பேரிடர்' என்ற வகையே கிடையாது. அதைவிட வியப்பான செய்தி, பேரிடரை முறைப்படி 'அறிவிக்க'ச் சொல்லும் பிரிவும் அதில் இல்லை. 2ஆம் பிரிவு பேரிடர் எது என்று வரையறுக்கிறது: இயற்கையாலோ மனிதராலோ விபத்தாலோ கவனக்குறைவாலோ நேர்ந்து, உயிருக்கோ உடைமைக்கோ சுற்றுச்சூழலுக்கோ பெருஞ்சேதம் விளைவித்து, அப்பகுதி மக்கள் தாங்களாகச் சமாளிக்க முடியாத அளவுக்குப் போகும் நிகழ்வு. அந்த நிலை வந்துவிட்டாலோ வரப்போகிறது என்றாலோ அதிகாரிகளின் கைக்கு அதிகாரம் வந்துவிடுகிறது.

நாம் செய்தித்தாளில் படிக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் பணம் சார்ந்தவை. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவை 'அறிவிக்கை செய்யப்பட்ட பேரிடராக' மத்திய அரசு கருதியது, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவிடுவதற்காகத்தான். 2024ஆம் ஆண்டின் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, தேசியப் பேரிடராக அறிவிக்க வழிமுறைகளில் இடமில்லை என்று கேரளத்துக்குச் சொன்ன மத்திய அரசு, பின்னர் அதைக் 'கடுமையான தன்மை கொண்ட பேரிடர்' என்று வகைப்படுத்தியது.

முறைப்படியான தொடக்கம் இல்லாத ஒன்றுக்கு முறைப்படியான முடிவும் இருக்காது. இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான் என்பது என் கருத்து. அதைக் கேள்வி 14இல் விரிவாகப் பார்ப்போம்.

3. அப்படியானால் கலெக்டருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

பிரிவுகளிலிருந்து. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையிலேயே ஆட்சியர் செயல்படுகிறார். மாவட்ட அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி அதன் இணைத் தலைவர் என்று 25ஆம் பிரிவு சொல்வது பலருக்கும் தெரிவதில்லை. மத்தியில் தேசிய நிர்வாகக் குழுவுக்கு 10ஆம் பிரிவும், மாநில நிர்வாகக் குழுவுக்கு 22, 24ஆம் பிரிவுகளும், மாவட்டத்துக்கு 30, 33, 34ஆம் பிரிவுகளும் அதிகாரம் தருகின்றன.

34ஆம் பிரிவுதான் நம் அன்றாடத்தைத் தொடுவது. பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது, ஆட்கள் உள்ளே வருவதையும் நடமாடுவதையும் வெளியேறுவதையும் கட்டுப்படுத்துவது, இடிபாடுகளை அகற்றுவது, தங்குமிடமும் உணவும் மருத்துவமும் தருவது, ஆபத்தான கட்டுமானங்களை இடிப்பது என அது நீள்கிறது. பட்டியலின் கடைசியில் 'தேவைப்படும் பிற நடவடிக்கைகள்' என்றும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "இனி எதையும் செய்யலாம்" என்று வாதிடும் அதிகாரிகள் உண்டு. ஆனால் பிரிவின் தொடக்கமே, மக்களுக்கு உதவுவதற்காக, அவர்களைப் பாதுகாப்பதற்காக, நிவாரணம் அளிப்பதற்காக என்று நோக்கத்தைக் கட்டிவிடுகிறது. நோக்கத்துக்கு வெளியே போகும் நடவடிக்கைக்கு அந்தக் கடைசி வரி துணை நிற்காது.

4. ஊரடங்கு, 144, பேரிடர்ச் சட்டம் எல்லாம் ஒன்றா?

வெவ்வேறு சட்டங்கள். நாம் 144 தடை உத்தரவு என்று சொல்லிப் பழகியது 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அதன்கீழ் வரும் ஆணை 2 மாதமே செல்லும். மாநில அரசு விரும்பினால் மேலும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். தொற்றுநோய் என்றால் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமும், தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு, தண்டனை வேறு, காலவரம்பு வேறு. அதனால்தான் எந்த உத்தரவு வந்தாலும் "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

5. அதிகாரி வந்து வாயால் சொன்னால் போதுமா? காகிதம் காட்ட வேண்டாமா?

வெள்ளம் கதவைத் தட்டும்போது ஒலிபெருக்கியில் வெளியேறச் சொல்வதற்குக் காகிதம் கேட்டு நிற்பது அறிவுடைமை ஆகாது; உயிர்காக்கும் உடனடிக் கட்டளைகள் வாய்மொழியாகவே வரும். ஆனால் நாள்கணக்கில் நீடிக்கும் கட்டுப்பாட்டுக்கும், உடைமையை எடுத்துக்கொள்வதற்கும், கடையை மூடுவதற்கும் எழுத்து வேண்டும். உடைமை விஷயத்தில் 65ஆம் பிரிவே எழுத்து ஆணை என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

அந்த ஆணையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே 'மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள்' என்றும், அதன்கீழ் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) நாளும், அடுத்துப் பொருள், பார்வை என்ற தலைப்புகளும் இருக்கும். 'பார்வை'யில் எந்த அரசாணையை, எந்தப் பிரிவை ஆதாரமாகக் கொண்டு ஆணை எழுதப்பட்டது என்று வரிசையாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அங்கே சட்டப் பிரிவே இல்லாமல் 'மேலிடத்து அறிவுறுத்தல்' மட்டும் இருந்தால், அந்த ஆணை பலவீனமானது. கடைசியில் இருக்கும் 'பெறுநர்' பட்டியலில் உங்கள் பெயரோ, உங்கள் ஊரின் உள்ளாட்சி அமைப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில் ஒட்டிய சுவரொட்டி. பல இடங்களில் கேள்வியே இல்லாமல் அது நடந்தது. 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரமுள்ள அமைப்பு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தனியாக ஆணையிட்டால் அன்றி எந்த மாநிலமும் அவ்வாறு ஒட்ட வேண்டியதில்லை என்று சொன்னது. ஊரே பார்த்துப் பழகிவிட்ட ஒரு நடைமுறைக்குப் பின்னால் ஆணை என்று ஒன்று இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

6. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டுமா? வலுக்கட்டாயமாக இழுத்துப் போகலாமா?

போக வேண்டும். நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 34ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. தக்க காரணமின்றி மறுப்பது 51ஆம் பிரிவின்படி குற்றம். மீட்க வருபவர்களின் உயிரும் உங்கள் மறுப்பால் ஆபத்துக்குள்ளாகும் என்பதால் நீதிமன்றங்களும் இங்கே அரசின் பக்கமே சாயும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. உங்களை வெளியேற்றும் அரசு உங்களை எங்காவது வைத்தாக வேண்டும். நிவாரண முகாமில் உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டுதலாகப் பரிந்துரைக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. முகாமில் ஒரு தெருவினரைத் தனியே உட்கார வைப்பது வழக்கம் என்று யாராவது சொன்னால், அந்த வழக்கம் சட்டமீறல்.

7. தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனாலும் "இனி இங்கே குடியிருக்கக் கூடாது" என்கிறார்கள். அதுவும் பேரிடர் அதிகாரமா?

தற்காலிக வெளியேற்றம் வேறு, நிரந்தர அகற்றல் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது நிர்வாகத்துக்கு வசதி. மக்களுக்கு அதுவே ஆபத்து. 34ஆம் பிரிவின் அதிகாரம் ஆபத்தோடு பிறந்து ஆபத்தோடு முடிய வேண்டியது. பட்டா நிலத்திலிருந்து நிரந்தரமாக அகற்ற வேண்டுமானால் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் வழியே இழப்பீடும் மறுவாழ்வும் தந்துதான் செய்ய வேண்டும். சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அரசமைப்பின் 300அ பிரிவு. புறம்போக்கு என்றாலும் அறிவிப்பு தருவதும் விளக்கம் கேட்பதும் தவிர்க்க முடியாதவை.

நேரடியாக அகற்றாமல் நிவாரணத்தைக் கொண்டு நெருக்குவதும் உண்டு. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 நாளிட்ட தமிழ்நாடு அரசாணை 172, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வழிகளை வைத்தது: தள்ளிப்போனால் அரசு வீடு கட்டித்தரும், போக மனமில்லையென்றால் இருக்கும் இடத்திலேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. காகிதத்தில் அது விருப்பத் தேர்வு. கடலை விட்டு அகன்றால் பிழைப்பே இல்லாத மீனவக் குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் விருப்பம் என்பது வேறு கதை. இத்தகைய நிபந்தனையை எதிர்க்கும்போது "அகற்றினார்கள்" என்று வாதிடுவதைவிட, நிவாரணத்தில் காட்டும் வேறுபாடு நியாயமற்றது என்று அரசமைப்பின் 14ஆம் பிரிவின் சமத்துவ உரிமையைப் பிடித்துக்கொள்வது வலுவான வாதம்.

8. என் லாரியையும் படகையும் மண்டபத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வாடகை உண்டா?

உண்டு. 65ஆம் பிரிவின்கீழ் மீட்புப் பணிக்காக இடத்தையும் வாகனத்தையும் பொருள்களையும் எழுத்து ஆணை மூலம் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். தேவை முடிந்த பிறகு ஒருநாள்கூட வைத்திருக்கக் கூடாது. 66ஆம் பிரிவு இழப்பீட்டுக் கணக்கைச் சொல்கிறது. கட்டடத்துக்கு அதன் வாடகை, வாடகைக்கு விடாத கட்டடம் என்றால் அவ்வட்டாரத்தில் அதுபோன்ற கட்டடத்துக்குக் கிடைக்கும் வாடகை. அதனால் நீங்கள் குடியையோ தொழிலையோ மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவு. வாகனத்துக்கு அவ்வட்டார வாடகை விகிதம். நிர்ணயித்த தொகை போதவில்லை என்றால் 30 நாளுக்குள் அரசுக்கு விண்ணப்பித்து நடுவரிடம் அனுப்பக் கேட்கலாம்.

கொடுக்கும் அன்றே வண்டியின் கிலோமீட்டர் எண்ணையும் படகு இயந்திரத்தின் நிலையையும் படமெடுத்து, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கிடைக்காமல் போவதற்குச் சட்டத்தைவிட இந்தச் சீட்டு இல்லாததே பெரும்பாலும் காரணமாகிறது.

9. போலீஸ் லத்தியால் அடிக்கலாமா? ரோட்டில் வைத்து அபராதம் போடலாமா?

அடிக்கும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் இல்லை. தோப்புக்கரணம் போடச் சொல்வதும் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வதும் அப்படியே. 51ஆம் பிரிவு தரும் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உயிரிழப்போ உடனடி ஆபத்தோ விளைந்தால் ஈராண்டு வரை சிறை. அதை விதிப்பது நீதிமன்றம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு விதியை மீறியதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து அதை எடுத்துக்கொண்டது. காவலர்கள் மீது சிபிஐ கொலை வழக்குத் தொடர்ந்தது.

அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்கவும் சட்டம் வேண்டும். முகக்கவசம் அணியாதவர்களிடம் வசூலிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. வெறும் ஆணையே போதுமானதாக இருந்திருந்தால் அந்தத் திருத்தத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

10. ஊரடங்கில் வெளியே போனதற்கு வழக்குப் போட்டுவிட்டார்கள். தப்ப வழி உண்டா?

வழக்கு எந்தப் பிரிவில் என்று முதலில் பாருங்கள். 51ஆம் பிரிவு என்றால், 60ஆம் பிரிவின்படி ஆணையமோ அரசோ அவர்களால் அதிகாரம் பெற்றவரோ முறையீடு கொடுத்தால்தான், அல்லது 30 நாள் முன்னறிவிப்பு தந்த ஒருவர் முறையிட்டால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுக்கும் (அரசு அலுவலரின் ஆணையை மீறுதல்), இன்று அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவுக்கும் இதேபோன்ற தடை உண்டு: ஆணையிட்ட அலுவலரோ அவருக்கு மேலானவரோ எழுத்தில் முறையிட வேண்டும். 188ஆம் பிரிவில் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிவது செல்லாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 2020இல் அதே பிரிவில் வழக்குகள் குவிந்தன. 2021 பிப்ரவரியில் சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

11. வாட்ஸ்அப்பில் "படுக்கை இல்லை, உதவுங்கள்" என்று போட்டால் கைது செய்வார்களாமே?

54ஆம் பிரிவு, பேரிடரைப் பற்றியோ அதன் கடுமையைப் பற்றியோ பீதி கிளப்பும் பொய்யான எச்சரிக்கையைத் தண்டிக்கிறது. பொய், பீதி ஆகிய இரண்டும் அங்கே முக்கியம். உண்மையான பற்றாக்குறையைச் சொல்வதும் உதவி கேட்பதும் அதற்குள் வரா. 2021 ஏப்ரல் 30 அன்று, ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் சமூக ஊடகங்களில் மன்றாடுபவர்களின் வாயை அடைத்தால் அது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

இணையத்தையே துண்டிப்பது பேரிடர்ச் சட்டத்தில் வருவதன்று. அதற்குத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் தனி விதிகள் உண்டு. ஆட்சியர் தாமாக ஆணையிட முடியாது. ஆணையை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது.

12. தனியார் நிறுவனங்களுக்கும் சம்பளத்துக்கும் அரசு உத்தரவு போட முடியுமா?

இங்கேதான் எல்லைக்கோடு மிக நன்றாகத் தெரிகிறது. மூன்று வழக்குகளைப் பாருங்கள். 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கு நாள்களுக்கும் முழு ஊதியம் தர வேண்டும் என்று மத்திய உள்துறை தேசிய நிர்வாகக் குழுவின் அதிகாரத்தைக் கொண்டு ஆணையிட்டது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். மே 18 முதல் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்க்க முயலட்டும் என்றது. பேரிடர்ச் சட்டம் ஊதியம் வரை நீளுமா என்ற மூலக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

இரண்டாவது குஜராத்தில். 2020 ஏப்ரல் 17 அன்று அம்மாநில அரசு, தொழிற்சாலைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வரும் 'பொது நெருக்கடி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வேலை நேர வரம்பிலிருந்தும் இரட்டிப்பு மிகைநேர ஊதியத்திலிருந்தும் ஆலைகளுக்கு விலக்களித்தது. போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் வரும் நிலையையே அப்பிரிவு குறிக்கிறது. பொருளாதார மந்தம் அதற்குள் வராது என்று அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, மிகைநேர ஊதியத்தைக் கொடுக்கவும் ஆணையிட்டது. பெருந்தொற்றின் சுமையைத் தொழிலாளியின் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது கேரளத்தில். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் 6 நாள் ஊதியத்தை 5 மாதங்களுக்கு ஒத்திவைத்த ஆணைக்கு, அதற்குச் சட்ட ஆதாரம் இல்லையென்று உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் 28 அன்று இடைக்காலத் தடை விதித்தது. அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது; அதற்குத் தடைவிதிக்க அதே நீதிமன்றம் மறுத்தது. முதலில் வந்த ஆணையிலும் பின்னர் வந்த அவசரச் சட்டத்திலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். பின்னால் சட்டம் இருந்ததா என்பதே வேறுபாடு.

13. தடுப்பூசி போட்டே ஆக வேண்டும், செயலியைப் பதிவிறக்கியே ஆக வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்தலாமா?

உடல்மீதான தன்னுரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும். யாருக்கும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கட்டுப்பாடு விதிப்பதை அது முற்றாக மறுக்கவில்லை. பொதுநலன் கருதி அளவாக விதிக்கலாம், ஆனால் அன்றிருந்த தொற்றுநிலைக்கு அத்தகைய தடைகள் அளவு மீறியவை என்றது. ஆரோக்கிய சேது செயலியை 2020 மே 1 அன்று ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய உள்துறை, எதிர்ப்பு கிளம்பியதும் மே 17 அன்று 'இயன்றவரை' என்று இறங்கி வந்தது.

14. இந்த அதிகாரத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டா, இல்லையா?

சட்டத்தில் இல்லை. 2020 மார்ச் 24 அன்று தேசிய நிர்வாகக் குழுவின் தலைவர் என்ற முறையில் உள்துறைச் செயலாளர் 21 நாளுக்கு முழு ஊரடங்கு ஆணையை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து வந்த ஆணைச் சங்கிலி 2022 மார்ச் 31 அன்றுதான் முடிந்தது. ஏறத்தாழ ஈராண்டு. அந்த ஈராண்டில் இந்த ஆணைகளில் எதையும் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. சட்டத்தின்கீழ் இயற்றும் விதிகளை அவைகளின்முன் வைக்க வேண்டும் என்று 77ஆம் பிரிவு சொல்கிறது. 10ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கும் ஆணைகளுக்கு அந்தக் கடமை இல்லை. 352ஆம் பிரிவின் நெருக்கடி நிலையோடு ஒப்பிட்டால் இது புரியும்: அதற்கு ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதலும், அதன்பின் ஒவ்வொரு 6 மாதத்துக்கும் மறு ஒப்புதலும் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பேரிடர் நிலை முறைப்படி அறிவிக்கப்படும். 3 மாதத்தில் தானாகக் காலாவதியாகும். நீட்டிப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரு மாதம்தான். அங்கேயும் 2020 மார்ச்சில் தொடங்கியது 2022 ஏப்ரல் வரை நீண்டது என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு மாதமும் நீட்டிப்புக்கு ஒருவர் கையெழுத்திட்டு, காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நம் சட்டத்தில் அந்தச் சங்கடமே இல்லை. 2025இல் சட்டம் திருத்தப்பட்டபோதாவது ஒரு காலவரம்பு வந்திருக்கலாம், வரவில்லை.

15. அரசு அதிகமாகச் செய்வது இருக்கட்டும். ஒன்றுமே செய்யாமல் இருந்தால்?

அதுவும் எல்லை மீறலே. 12ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கான கருணைத்தொகைக்கு வழிகாட்டுதல் வகுப்பது தேசிய ஆணையத்தின் கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதிச்சுமையைக் காட்டித் தப்ப முயன்ற மத்திய அரசு, அதன் பிறகே கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாய் என்று வகுத்தது. 2016இல் வறட்சி வழக்கிலும், சட்டம் வந்து பத்தாண்டு கழித்தும் தேசியத் தணிப்பு நிதியை உருவாக்காதது ஏன் என்று நீதிமன்றம் கடிந்துகொண்டது. கடமையைச் செய்ய மறுக்கும் அலுவலருக்கு 56ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. வழக்குத் தொடர முன்னனுமதி வேண்டும் என்ற 59ஆம் பிரிவால் அது பெரும்பாலும் ஏட்டில் இருக்கிறது.

16. கோர்ட்டுக்கே போகக் கூடாது என்று சட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே?

71ஆம் பிரிவைப் பாதி படித்தவர்கள் சொல்வது. கீழமை நீதிமன்றங்களில் வழக்குத் தொடர அது தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அத்தடை இல்லையென்று அதே வரியில் இருக்கிறது. அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் நீதிப்பேராணை கோருவதை ஒரு சாதாரணச் சட்டத்தால் பறிக்கவும் முடியாது. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு வழக்குத் தொடரக் கூடாது என்ற 73ஆம் பிரிவு, அலுவலரைத் தனிப்பட்ட முறையில் காக்கும். ஆணை சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை அது காக்காது.

17. பேரிடர் நேரத்தில் நீதிபதிகளும் அரசு சொல்வதைத்தானே ஏற்றுக்கொள்கிறார்கள்?

பேரிடரின் உச்சத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. மேலே சொன்ன தீர்ப்புகளின் தேதிகளைப் பாருங்கள். பெரும்பாலானவை மாதங்கள் கழித்து, சில ஆண்டுகள் கழித்து வந்தவை. குஜராத்தின் ஏப்ரல் அறிவிக்கை ரத்தானபோது அது நடப்பில் இருந்த காலமே முடிந்திருந்தது. என்றாலும் மிகைநேர ஊதியம் திரும்பக் கிடைத்தது.

நீதிமன்றம் எடைபோடும் முறை 2017ஆம் ஆண்டின் அந்தரங்க உரிமைத் தீர்ப்புக்குப் பிறகு ஓரளவு நிலைபெற்றிருக்கிறது. கட்டுப்பாட்டுக்குச் சட்ட ஆதாரம் உண்டா, நோக்கம் முறையானதா, அந்த நோக்கத்துக்கும் இந்த நடவடிக்கைக்கும் தொடர்பு உண்டா, இதைவிடக் குறைவான பாதிப்போடு அதே பயனைப் பெற முடியாதா என்று வரிசையாகக் கேட்பார்கள். அவசரத்தில் அரசு பெரும்பாலும் சறுக்குவது கடைசிக் கேள்வியில். எனவே மனு எழுதும்போது "என் உரிமை போயிற்று" என்பதோடு நிற்காமல், அரசு வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

18. ஆணையின் நகலையே தர மறுக்கிறார்கள். எதை வைத்து வழக்குப் போடுவது?

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுச் செய்யுங்கள். வழக்கமான கெடு 30 நாள். உயிரும் தனிமனித விடுதலையும் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம். அந்தக் காரணத்தை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கேள்வி 5இல் சொன்ன ந.க. எண் தெரிந்தால் குறிப்பிடுங்கள்; தெரியாவிட்டால் நாளையும் இடத்தையும் சொல்லி, "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் இந்நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் ஆணையின் நகல்" என்று கேளுங்கள். அப்படி ஓர் ஆணை கோப்பில் இல்லை என்று பதில் வந்தால், உயர் நீதிமன்றத்தில் இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அந்தப் பதில்தான்.